பித் காசாகிறது, கிணறு நிறம் மாறுகிறது

விவசாயக் கழிவெல்லாம் பணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன் என்ற முறையில் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

என் சின்ன வயதில் தேங்காய் நார் மில்களுக்கு வெளியே பித், அதாவது மட்டையிலிருந்து நார் பிரித்த பின் மிஞ்சும் தூள், மலை மாதிரி குவிந்து கிடக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம் என்பதால் லேசில் மக்காது. சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆள் கிடையாது. இன்று அதையே கோகோ பீட் என்று 5 கிலோ கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். ஒரு கட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், 70 லிட்டர் அளவுக்கு உப்பிக்கொண்டு வரும். வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் தக்காளிக்கு மண்ணே இதுதான்.

சரி, தண்ணீர்க் கணக்கு எங்கே? பித்தில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. 'லோ இசி' சரக்கு, அதாவது உப்பு குறைந்த சரக்கு வேண்டுமென்றால் களத்தில் பரப்பி, நல்ல தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். வடிவது டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். அது நேராக நிலத்துக்குள் இறங்குகிறது. எங்கள் தோட்டத்துக் கிணறும் மங்கிவிட்டது. பக்கத்துக் களத்துக்காரரைக் கேட்டால் "மழைத் தண்ணிங்க" என்கிறார். மழை பெய்து மாதக்கணக்காகிறது!

2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் ஆலைகளை மாசு அநேகமாக இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து, ஓரளவு மாசுபடுத்தும் தொழில்களுக்கான ஆரஞ்சுக்கு மாற்றியபோது ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். சின்ன மில்காரர் பாடு கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் களத்துக்கு அடியில் கான்கிரீட் போட்டு, வடிநீரைத் தொட்டியில் பிடித்து, முதல் கழுவலுக்கு அதையே திருப்பி விடலாமே. அந்தச் செலவையும் கட்டியின் விலையில் சேர்த்தால் வாங்குகிறவர்கள் ஓடியா போவார்கள்?