முற்றத்தில் ஆற்றல் தேங்குமா?
அண்ணே, செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் ஆற்றல் தேங்கி நிற்கும், இயற்பியலே அதைச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லவில்லை. முற்றத்தில் வெளிச்சமும் காற்றும் வரும், அது வேறு விஷயம். இயற்பியலில் ஆற்றல் என்பது ஒரு பொருள் கிடையாது, கணக்குப் போட்டு எடுக்கிற அளவு. காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிற 60 கிலோ ஆளுக்கு, பிளாட்பாரத்தில் நிற்பவர் கணக்கில் இயக்க ஆற்றல் 12,000 ஜூல், எதிர் சீட்டுக்காரர் கணக்கில் பூஜ்யம், இரண்டுமே சரி. வேலை செய்யும் திறன் என்கிற பள்ளிக்கூட வரையறையும் முழுசாகப் பொருந்தாது, ஏனென்றால் சுற்றிலும் ஒரே வெப்பநிலையாக இருந்தால் அந்த வெப்ப ஆற்றலிலிருந்து வேலை வாங்கவே முடியாது. இயற்கை விதிகள் காலத்தோடு மாறாமல் இருப்பதால் ஓர் அளவு கூடாமல் குறையாமல் நிற்கும் என்று கணிதவியலாளர் எம்மி நோதர் 1918-இல் காட்டினார். வரையறை வேண்டுமென்றால் அந்த அளவைத்தான் ஆற்றல் என்று எடுத்துக்கொள்ளலாம்.