கடைசியாக ஒரு லிப்ஸ்டிக்கை எப்போது தீர்த்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரவு, நம் மியான்மர்த் தங்கச்சி ஒருவர் ஒப்பனைப் பெட்டி விற்ற முகநூல் நேரலையில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக ஆளாளுக்கு அதைப் படம் பிடித்து எனக்கே அனுப்பி, "அக்கா, இது நீங்கள்தானே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆமாம், நான்தான். "வயிற்றெரிச்சல் அத்தை" என்று நீங்கள் எல்லோரும் கூடிப் பெயர் சூட்டியது எனக்குத்தான். பெயர் நன்றாகவே இருக்கிறது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பார்க்காமல் விட்டவர்களுக்காக (அப்படி யாரும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை) அதை அப்படியே தருகிறேன்: "தங்கச்சி, இந்தப் பெட்டியை எங்களை வாங்கச் சொல்வதற்கு முன்னால், நீங்கள் கடைசியாக ஒரு லிப்ஸ்டிக்கை அடிவரை தீர்த்தது எப்போது என்று சொல்லுங்கள்." இதில் வசவு எங்கே இருக்கிறது, பொறாமை எங்கே இருக்கிறது என்று நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அரிசிக் கடைக்காரரிடம் "இந்த அரிசி உங்கள் வீட்டில் பொங்குகிறீர்களா?" என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஒப்பனைப் பொருள் விற்பவரிடம் மட்டும் கேட்கக் கூடாதாம்.

தீபாவளிப் பெட்டி என்று பெயர். உள்ளே இருபத்து நான்கு நிறம் கொண்ட ஐ ஷேடோ பேலட், ஆறு லிப்ஸ்டிக், ஒரு மஸ்காரா. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம் கியாட், முன்பணம் ஐம்பதாயிரம். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் ஐம்பதே பெட்டி, பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்றார்கள். பத்து நிமிடத்தில் தீர்ந்தும்விட்டது. அடுத்த கால் மணி நேரத்தில், கிடங்கின் மூலையில் இன்னும் ஐம்பது பெட்டி இருப்பது தெரியவந்தது. தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னாலும் அதே மூலையில்தான் நாற்பது பெட்டி அகப்பட்டது என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். 2021 பிப்ரவரியிலிருந்து நம் ஊரில் தடுக்கப்பட்டிருக்கும் முகநூலுக்கு வருவதற்கே சுற்றுவழி பிடிக்க வேண்டியிருக்கிறது. நின்று நின்று ஓடும் இணையத்தில் அவ்வளவு பாடுபட்டு வந்து, ஒரு கடிகாரத்துக்குப் பயந்து ஐம்பதாயிரம் கியாட்டை அனுப்பிவிட்டுப் போகிறோம்.

இந்தத் தந்திரம் நம் தங்கச்சி கண்டுபிடித்ததல்ல. 2015-இல் அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் உதட்டுச் சாயத் தொகுப்பை இணையத்தில் விற்றபோது அது சில நிமிடங்களில் தீர்ந்துபோனதாக உலகமெல்லாம் பேசியது. தீர்ந்துபோனது என்ற செய்தியே அடுத்த தொகுப்புக்கு விளம்பரமானது. அதற்கு வெகு காலம் முன்பே ரெவ்லான் நிறுவனம் பருவத்துக்குப் பருவம் புது நிறம் என்று பெண்களைப் பழக்கிவிட்டது. 1932-இல் நகப்பூச்சோடு தொடங்கிய நிறுவனம் அது. 1952-இல் ஒரு சிவப்பு நிறத்தை விற்பதற்குப் பத்திரிகையில் கேள்வித்தாள் போன்ற விளம்பரத்தையே வெளியிட்டது. நீங்கள் எந்த மாதிரிப் பெண் என்று அது கேட்டது. பெண்களும் உட்கார்ந்து பதில் எழுதிப் பார்த்தார்கள். அப்படி நம் எல்லோருக்கும் வாங்கக் கற்றுக்கொடுத்த அந்த நிறுவனமே கடனைச் சமாளிக்க முடியாமல் 2022 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது என்பதை எரிச்சல் அத்தை சற்றுச் சிரிப்போடுதான் குறிப்பிடுகிறாள்.

சரி, எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டவர்களுக்கு வருகிறேன். "லிப்ஸ்டிக் பூசத் தெரியாதவர்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மகளே, நீ பள்ளிச் சீருடையில் இருந்தபோது என்னிடம் நாற்பத்தேழு லிப்ஸ்டிக் இருந்தது. 2016 முதல் நான்கு ஆண்டு நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். சம்பளம் கைக்கு வந்த அன்று பஸ்ஸுக்கு முன்னால் கடைக்குத்தான் கால் போகும். சிவப்பில் மட்டும் பதினொன்று வைத்திருந்தேன். ஒரு நாள் என் கணவர் அவற்றை வரிசையாக நிறுத்தி எது எது என்று கேட்டார். அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்க்காமல் என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவருக்குப் பதில் சொல்லாமல் அவற்றை அள்ளி உள்ளே போட்டேன். வெட்கமாக இருந்தது என்று இன்றுதான் எழுதுகிறேன்.

பிறகு ஒரு சித்திரை மாதம். மின்சாரம் முறைவைத்து வந்து போய்க்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அறை அடுப்பாகக் கொதித்தது. நெடுநாள் கழித்து அந்த இழுப்பறையைத் திறந்தேன். பழைய கடலை எண்ணெய்ச் சட்டியின் வாடை முகத்தில் அடித்தது. ஒரு மூடியைக் கழற்றினால் லிப்ஸ்டிக்கின் மேல் முத்து முத்தாக எண்ணெய் வியர்த்திருந்தது. இன்னொன்றைத் திருகியபோது அது தலை சாய்ந்து மூடியோடு ஒட்டிக்கொண்டது. எந்தப் பெரிய பெயர் அச்சிட்டிருந்தாலும் லிப்ஸ்டிக் என்பது பெரும்பாலும் மெழுகும், ஆமணக்கெண்ணெய் போன்ற எண்ணெய்களும், நிறமியும்தான். எண்ணெய் இருந்தால் ஒரு நாள் சிக்கடிக்கும். அதற்குத் தங்கமுலாம் பூசிய மூடி என்ன செய்யும்?

என் கொழுந்தனார் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். நான் அதிகம் பூசியதாக நம்பிக்கொண்டிருந்த ஒரு லிப்ஸ்டிக்கை எண்ணெய்த்தாளில் வழித்து எடுத்து, அவருடைய தராசில் நிறுத்துப் பார்த்தேன். உறையின்மேல் 3 கிராம் என்று போட்டிருந்தது. தராசு 2.7 காட்டியது. இரண்டு ஆண்டில் நான் உதட்டில் வைத்தது 0.3 கிராம். பத்தில் ஒரு பங்கைப் பூசுவதற்குப் பத்துப் பங்குக்கும் பணம் கொடுத்திருக்கிறேன். அதுவும் அடிக்கடி பூசியதன் கணக்கு. மற்ற நாற்பத்தாறின் கணக்கை நான் போடவில்லை. கொழுந்தனார் மட்டும், "அண்ணி, இதைத் தங்கமாக வாங்கியிருந்தால் சேதாரம் குறைவு" என்றார்.

ஆகவேதான் கேட்கிறேன்: கடைசியாக ஒரு லிப்ஸ்டிக்கை எப்போது தீர்த்தீர்கள்? மஸ்காரா திறந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டியது. டப்பாவின் அடியில் திறந்த மூடி போட்ட சின்னப் படம் ஒன்று இருக்கும். அதற்குள் 6 என்றோ 12 என்றோ எழுதியிருந்தால் திறந்தபின் அத்தனை மாதம்தான் என்று பொருள். இருபத்து நான்கு நிறத்தையும் தீர்ப்பதற்கு உங்களுக்கு எத்தனை கண் இருக்க வேண்டும்? வாங்குவது வேறு, பூசிக்கொள்வது வேறு. பூசிக்கொள்ளுங்கள், அழகாக இருங்கள், யார் வேண்டாமென்றார்? தீர்ந்த பிறகு அடுத்ததை வாங்குங்கள் என்பதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"என் காசு, என் முகம், உங்களுக்கு என்ன?" என்று எழுதியவர்கள் அதிகம். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காசு என்னவாயிற்று என்று பாருங்கள். 2021 தொடக்கத்தில் டாலர் 1,300 கியாட்டுக்குச் சற்று மேலே இருந்தது. 2022 ஆகஸ்டில் அதிகாரபூர்வ விலையே 2,100 என்று வைத்தார்கள். வெளிச்சந்தையில் அது பிறகு 4,000-த்தையும் தாண்டியது. இருபது டாலர் லிப்ஸ்டிக் 26,000 கியாட்டிலிருந்து 80,000-க்கு வந்துவிட்டது. உள்ளே இருப்பது அதே மூன்று கிராம்தான். 2018-இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800 கியாட். பிறகு படி என்று ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. அந்த நேரலையைப் பார்ப்பவர்களில் யாங்கோன் புறநகரான லாயிங்தாயாவின் தையல் ஆலைகளிலிருந்து இரவு வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது தங்கச்சிக்கும் தெரியும். அவரே பெயர் சொல்லி வரவேற்கிறார். என் காசு என்று நானும் நீங்களும் வீரம் பேசலாம். அந்தப் பெண்ணுக்கு முன்பணம் மட்டுமே ஒரு வாரக் கூலிக்கு மேல்.

"அஞ்சல் தலை சேர்ப்பது போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு" என்றார் ஒருவர். அஞ்சல் தலை வியர்க்காது.

"ஆண்கள் வாங்கும் கைபேசியையும் மோட்டார் சைக்கிளையும் கேட்டீர்களா?" என்பது நியாயமான கேள்வி. கேட்கவில்லை. கேட்கிறேன்.

"ஒரு பெண் சொந்தக் காலில் நின்று தொழில் செய்தால் நம் தமிழர்களுக்குப் பொறுக்காது" என்று எழுதியதுதான் உள்ளே தைத்தது. என் அம்மா யாங்கோனின் தெய்ன்ஜி சந்தையில், காளி கோயில் கோபுரம் தெரியும் இடத்தில், பாய் விரித்து மஞ்சளும், பர்மியப் பெண்கள் அரைத்து முகத்தில் பூசும் தனக்கா மரக் கட்டையும் விற்று எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தொழில் செய்யும் பெண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாங்க வருபவரிடம் அவர், "போன மாதம்தானே கட்டை வாங்கினாய், அது தேய்ந்துவிட்டதா?" என்று கேட்பார். இல்லை என்றால் விற்கமாட்டார். அதனால் அவர் பெரிய வியாபாரி ஆகவில்லை, உண்மைதான்.

உடனே "அத்தை எல்லோரையும் தனக்கா பூசச் சொல்கிறாள்" என்று கிளம்ப வேண்டாம். தனக்காவிலும் இன்று டப்பா உண்டு, மணம் உண்டு, விளம்பர நடிகை உண்டு. நான் சொல்வது அந்தக் கட்டையின் கணக்கை. விளாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரம் கட்டைக்கு ஆகும்படி முதிர்வதற்குப் பல்லாண்டு வேண்டும் என்பார்கள். அம்மாவின் அரைகல் வட்டமாக, தண்ணீர் வடிவதற்கு ஓரமெல்லாம் வாய்க்கால் வெட்டியிருக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பட்டைப் பக்கத்தை நாலு சுற்றுச் சுற்றுவார். அன்றைக்கு முகத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கல்லில் வரும். கட்டை சுண்டுவிரல் நீளம் ஆகிப் பிடிக்க முடியாமல் போகும்வரை அடுத்த கட்டை வீட்டுக்குள் வராது. ஓர் ஒப்பனைப் பொருள் கண்ணெதிரே தீர்வதை நான் பார்த்தது அந்தக் கல்லின்மேல் மட்டும்தான்.

இவ்வளவு எழுதிய பிறகு, எனக்கு உண்மையில் எப்போது கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கடிகாரத்துக்கு அல்ல, கிடங்கின் மூலைக்கும் அல்ல. "இதைப் போட்டால் கல்யாண வீட்டில் கருப்பாகத் தெரியமாட்டீர்கள்" என்று தங்கச்சி சொன்னபோது வந்தது. பெட்டியோடு இலவசமாக ஒரு முகக் களிம்பும் காட்டினார். உறையில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பாதரசம் சேர்த்த முகவெளுப்புக் களிம்புகளை 2025-க்குப் பிறகு தயாரிக்கவோ நாடு விட்டு நாடு அனுப்பவோ கூடாது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை எழுதி வைத்திருக்கிறது. எழுதாத உறைக்குள் என்ன இருக்கிறது என்பதை யார் அறிவார்? பள்ளிக்கூடத்தில் என்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது என் வயதுத் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை. அதே சொல்லை முப்பது ஆண்டு கழித்து நம் வீட்டுப் பெண்ணே, நம் மொழியிலேயே, முன்பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறாள். அந்த நாற்பத்தேழில் பாதியை நான் எதற்காக வாங்கினேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எரிச்சலை நீங்கள் வயிற்றெரிச்சல் என்றால் இருக்கட்டும்.

என்னைக் கேலி செய்த பின்னூட்டம் ஒன்றுக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். அதில் ஒன்று என் தங்கை மகளுடையது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, கடிகாரம் ஓடி முடிவதற்குள், அவளும் ஐம்பதாயிரம் அனுப்பியிருக்கிறாள். அனுப்பிய பணம் திரும்பாதாம். வீட்டில் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெட்டி வந்து சேர என் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

பெட்டி அடுத்த வாரம் வருமாம். மீதி ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை எண்ணி வைத்திருக்கிறேன். பெரியம்மா திட்டமாட்டாள், வந்து எடுத்துக்கொண்டு போ. அந்தக் களிம்பை மட்டும் நான் தரமாட்டேன்.