சாப்பிட்டா போதுமா, உடம்புல ஒட்ட வேணாமா?

ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இன்னைக்காவது எழுதிடுறேன். ஒரு வருஷத்துக்கு மேல அம்மாவ நாங்க எல்லாரும் சேர்ந்து சாப்பாட்ட வச்சே திட்டிட்டு இருந்தோம், "ஒழுங்கா சாப்பிடும்மா, சாப்பிட்டாதான தெம்பு வரும்"னு. அவங்க பாவம் சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாங்க, முட்டை பால் மீன்னு எதையும் ஒதுக்கல, ஆனா நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும், நாக்கு வழவழன்னு செவந்து போய் எரியுதுன்னாங்க, வயசாச்சுல்லன்னு நாங்களும் விட்டுட்டோம். ஒரு நாள் வெளிய போயிட்டு உள்ள வர்றாங்க, ஒரு கால்ல செருப்பு இல்ல. வழியில எங்கயோ கழண்டு விழுந்திருக்கு, வெறும் கால்ல நடந்து வந்தது அவங்களுக்கு தெரியவே இல்ல. அன்னைக்குதான் எனக்கு வயித்த கலக்குச்சு.

ரத்தம் எடுத்து பாத்தா, ரத்த அணுக்கள் ஊறவும் நரம்பு நல்லா இருக்கவும் வேணுங்குற பி12 வைட்டமின் அடிமட்டத்துல இருக்கு. அப்பவும் நான் டாக்டர்கிட்ட "நல்லாதான் சார் சாப்பிடுறாங்க"ன்னுதான் சொன்னேன். அதுக்கு அவரு, "சாப்பிடுறாங்க, உள்ள ஏறல"ன்னாரு.

"தின்னது உடம்புல ஒட்ட மாட்டேங்குது"ன்னு பெரியவங்க சொல்லுவாங்கல்ல, நான் அத சும்மா பேச்சுக்கு சொல்றதுன்னு நெனச்சிருந்தேன், அது நூத்துக்கு நூறு உண்மைங்க. வாய்ல ஆரம்பிச்சு ஆசனவாய் வரைக்கும் இருக்குறது ஒரே நீளக் குழாய், அந்தக் குழாய்க்குள்ள கெடக்குற வரைக்கும் சாப்பாடு இன்னும் நம்ம உடம்போட சேரல, குடல் சுவரத் தாண்டி ரத்தத்துக்கோ நிணநீருக்கோ வந்தாதான் அது நம்மளுது.

அந்த பி12 நமக்கு ஒரு நாளைக்கு வேணுங்குறது வெறும் 2.4 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராம பத்து லட்சமா பிரிச்சா அதுல ரெண்டரை பங்கு கூட கெடையாது. இத்துனூண்டு உள்ள போறதுக்கு எத்தன பேரு கை மாத்தி விடுறாங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு அழுகையே வந்துச்சு. சாப்பாட்டுல புரதத்தோட ஒட்டிக்கிட்டு வர்ற பி12 ஐ வயித்துல அமிலமும் பெப்சின்ங்குற செரிமான நொதியும் பிரிச்சு விடுது, உடனே எச்சில்லருந்து வந்த ஒரு புரதம் அத புடிச்சு அமிலத்துல கெட்டுப்போகாம பொத்தி எடுத்துட்டு முன்சிறுகுடலுக்கு போகுது, அங்க கணைய நீர் வந்து அந்த எச்சில் புரதத்த அரிச்சு எடுத்துடுது, அப்புறம் இன்ட்ரின்சிக் ஃபேக்டர்னு இன்னொரு புரதம் (இது வயித்துலயே ஊறுறது, அமிலம் சுரக்குற அதே செல்கள்தான் இதையும் சுரக்குது) கையப் புடிச்சு அஞ்சாறு மீட்டர் சிறுகுடல தாண்டி கடைசி பகுதி வரைக்கும் கூட்டிட்டு போகுது. அங்கதான் அதுக்குன்னு கதவே இருக்கு. அந்த துணை இல்லாம தனியா போனா நூத்துல ஒண்ணுதான் உள்ள ஏறும்.

எங்கம்மாவுக்கு அந்த செல்கள அவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிருக்கு. நாங்க என்னடான்னா இன்னும் ஒரு முட்டை சாப்பிடுமான்னு மிரட்டிட்டு இருந்திருக்கோம்.

இத கண்டுபுடிச்ச விதத்தையும் சொல்லணும். 1926 வரைக்கும் அம்மாவுக்கு வந்த இந்த நோய் வந்தா சாவுதான், அந்த வருஷம்தான் மைனாட், மர்ஃபின்னு ரெண்டு டாக்டர்கள் தினமும் நெறைய ஈரல் சாப்பிட வச்சா ஆளு தேறுறாங்கன்னு காட்டுனாங்க, 1934ல நோபல் பரிசும் வாங்குனாங்க. ஆனா ஏன்னு புரியல. பாஸ்டன்ல வில்லியம் காசில்னு ஒரு இளம் டாக்டர், நல்லா இருக்குறவன் வயித்துல இருக்குற எதுவோ ஒண்ணு இவங்க வயித்துல இல்லன்னு யோசிச்சு, தானே மாட்டுக்கறிய சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு அத வெளிய எடுத்து நோயாளிங்களுக்கு ட்யூப் வழியா குடுத்திருக்காரு. கேக்க குமட்டும்தான், ஆனா புது ரத்த அணுக்கள் ஊற ஆரம்பிச்சிருக்கு! வெறும் கறி குடுத்தா ஒண்ணும் நடக்கல, வெறும் வயித்து நீர் குடுத்தாலும் நடக்கல, ரெண்டும் சேரணும். கறியில இருந்தது பி12, வயித்து நீர்ல இருந்தது அந்த இன்ட்ரின்சிக் ஃபேக்டர். அந்த மனுசனுக்கு நான் மனசார கும்புடு போடுறேன்.

செரிமானம்னா நாம பேசுறது பூராவும் கேஸ், ஏப்பம், நெஞ்செரிச்சல்தான். உண்மையில வயிறு அரைச்சு கலக்கி கொஞ்சங்கொஞ்சமா கீழ அனுப்புற எடம், நம்மள காப்பாத்துறது சிறுகுடல். நாம குடிக்கிறதும் எச்சில், வயித்து நீர், பித்தம், கணைய நீர்னு உடம்பே ஊத்துறதும் சேத்து ஒரு நாளைக்கு எட்டு ஒம்போது லிட்டர் தண்ணி அதுக்குள்ள போகுது, பெரும்பங்க அதுதான் திருப்பி உறிஞ்சுது, கடைசியில மலத்தோட வெளிய போறது ஒரு டம்ளர் கூட இருக்காது. உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்கும், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குட்டி குட்டி விரல்கள், அதுமேல இன்னும் பொடிசா நுண்விரல்கள், எல்லாத்தையும் விரிச்சா முப்பது சதுர மீட்டர் வரும்ங்குறாங்க. அந்த மேல்தோல் செல்கள் மூணுலருந்து அஞ்சு நாளைக்கு ஒருக்கா உதிர்ந்து புதுசா முளைக்குது. இவ்வளவு பாடுபடுற உறுப்ப நாம ஒரு வார்த்த பேசுறதில்லங்குறதுதான் என் ஆதங்கம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேன். வீட்டுல வயசானவங்க காலு மரத்துப் போகுதுன்னு சொன்னா, நடை தள்ளாடுதுன்னு சொன்னா, சுகருதான் காரணம்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. மெட்ஃபார்மின்னு ஒரு சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா போடுறவங்களுக்கும், அமிலத்த குறைக்கிற மாத்திரை நெடுநாளா போடுறவங்களுக்கும் பி12 குறைய வாய்ப்பிருக்கு. மாத்திரைய நீங்களா நிறுத்த வேணாம், டாக்டர்கிட்ட சொல்லி ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்க, லேட் பண்ணா நரம்பு திரும்ப தேறாமலே போயிடலாம்.

அம்மாவுக்கு இப்போ ஊசிதான், குடல் வழியா போகாததால நேரா ரத்தத்துல சேந்துடுது. மூச்சு வாங்குறது நின்னுடுச்சு, நாக்கு சரியாயிடுச்சு. இடது கால் கட்டைவிரல்ல மட்டும் இன்னும் உணர்ச்சி முழுசா வரல. தெனமும் ராத்திரி நான் அத தொட்டு "தெரியுதாம்மா"ன்னு கேக்குறேன்.