சம்பளம்@10

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் ஹெல்ப்டெஸ்க் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரியும். பாஸ்வேர்ட் மறந்திருக்கும், இல்லையென்றால் தப்புத் தப்பாக அடித்து அக்கவுண்ட் லாக் ஆகியிருக்கும். ஒன்பது வருடமாக இதே வேலை.

அப்படி ஒருநாள் அழைத்தவர் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரர். நான் கேட்காமலேயே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். 'சம்பளம்@3', ஆங்கில எழுத்தில் அடிப்பாராம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்று சொல்லி, ரீசெட் செய்து கொடுத்தேன். எங்கள் ஆபீஸில் 45 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். அடுத்த வருடம் அவரே மறுபடி அழைத்தபோது அது 'சம்பளம்@10' ஆகியிருந்தது. கணக்குப் போட்டேன், பத்தரை மாதம். சம்பளம் ஏறவில்லை, எண் மட்டும் ஏறியிருக்கிறது.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் உறுத்தியது. அந்தச் சமயம் என் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? நான் ரகசியமாக இன்டர்வியூ போய்விட்டு வந்த ஒரு கம்பெனியின் பெயர், பின்னால் அந்த வருடம். ஊருக்கெல்லாம் ரீசெட் செய்து கொடுப்பவனின் லட்சணம்!

மொக்கையான பாஸ்வேர்டுக்கு அறியாமைதான் காரணம் என்று பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலும் அது சலிப்பு. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிறவன் எவ்வளவு கவனமாக அடிப்பானோ, அவ்வளவு கவனம்தான் பிடிக்காத வேலையின் பாஸ்வேர்டுக்கும் கிடைக்கும்.

என் சலிப்புக்கு வருவோம். நெட்வொர்க்கிங் படித்துவிட்டு ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். "கம்பெனி மாறுடா" என்றார்கள் நண்பர்கள். வீட்டுக் கடன் இஎம்ஐ-யை யார் கட்டுவது? கடைசியில் ஒரு காரியம் செய்தேன். ஒரு மாதம், தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன், அன்றைக்கு எரிச்சல் தந்ததை ஒரு வரி எழுதி வைத்தேன். மேனேஜர்தான் அதிகம் வருவார் என்று எதிர்பார்த்தேன். பாவம், நான்கு முறைதான் வந்தார். கேன்டீன் சாம்பார்கூட அவரை முந்திவிட்டது. பாதிக்கு மேல் பாஸ்வேர்ட் புகார்கள். ஆக, எனக்கு வேலை பிடிக்காமல் இல்லை. அதில் ஒரு துண்டுதான் பிடிக்கவில்லை.

அந்தத் துண்டைப் பற்றித் தேடிப் படித்தேன். சிறப்புக் குறியீடு போடு, எண் போடு, அடிக்கடி மாற்று என்கிற விதிகள் பரவ முக்கியக் காரணம், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக 2003-இல் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. 2017-இல் அவரே, அதில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே வருடம் நிஸ்ட்டும் மாறியது: கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள், குறியீடுகளைவிட நீளமே முக்கியம். 2019-இல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தக் காலக்கெடுவை நீக்கிவிட்டது. எங்கள் ஆபீஸுக்குத்தான் சேதி வந்து சேரவில்லை.

மேனேஜருக்கு இரண்டு பக்க மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். ஆடிட்டர் கேட்பார் என்றார். ஆறு மாதம் இழுத்து, 45 நாளை 180 நாளாக்கினார்கள், குறைந்தது 14 எழுத்து என்றார்கள். முழு வெற்றி இல்லை. ஆனாலும் ஒன்பது வருடத்தில் நான் சொல்லி இங்கே மாறிய முதல் விஷயம் அதுதான். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூடத் தெரியவில்லை.

இப்போது லாக் ஆகி வருபவர்களிடம் இரண்டு நிமிடம் பேசுகிறேன். சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேருங்கள் என்கிறேன். அம்மிக்கல், ரயில்வே கேட், வவ்வால், ரசீது, இந்த மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள், இப்போது எல்லோருக்கும் தெரியும்.) மனதில் தோன்றுவதை எடுக்காமல், அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது நல்லது. பாட்டு வரி, பழமொழி, பிள்ளை பெயர் வேண்டாம். திருடுபவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசிப்பதில்லை, கையில் பட்டியல் வைத்திருக்கிறான். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆபீஸ் பாஸ்வேர்டையே பேங்குக்கும் வைப்பது அதைவிட மோசம். ஒரு இடத்தில் கசிந்தால் எல்லாக் கதவும் திறக்கும். பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி ஏதாவது ஒன்றில் சேமியுங்கள். அப்பா அம்மாவுக்கு அது சரிப்படாதென்றால் நோட்டில் எழுதி பீரோவில் வைக்கட்டும், தப்பே இல்லை. கீபோர்டுக்கு அடியில் மட்டும் வேண்டாம், எல்லோரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

போன மாதம் அக்கவுண்ட்ஸ்காரர் வேலையை விட்டுவிட்டார். லேப்டாப்பை ஒப்படைக்க என்னிடம்தான் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "கடைசியில் எத்தனையில் நின்றது தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார்" என்றேன். "பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக்கூடாது."