வீடு காலியாத்தான் இருக்கு, நமக்குத் தர மாட்டாங்களாம்

கோலாலம்பூரில் வாடகை கட்டுப்படியாகவில்லையா, வடக்கே சிலாங்கூரில் இருக்கிற பத்தாங்காலி, செரெண்டா பக்கம் வாங்க, மலிவு என்று சொல்பவர்கள் ஒரு தடவை இங்கே வீடு தேடிப் பார்க்கட்டும். மாத வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. கொமுட்டர் ரயில் இருக்கிறது, பக்கத்து ஊரான ராவாங் தொழிற்சாலைகளுக்கு மோட்டாரிலேயே போய்வரலாம். ஆனால் சாவி கைக்கு வருவதற்குள் குடும்பத்தின் கையிருப்பு கரைந்துவிடுகிறது.

மூன்று அறை பிளாட், வாடகை 700 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, தண்ணி கரண்டுக்கு அரை மாதம். மொத்தம் 2,450 வெள்ளி. குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700. டெபாசிட் எவ்வளவு கேட்கலாம், யார் கையில் இருக்கவேண்டும், எப்போது திருப்பித் தரவேண்டும் என்று வரையறுக்கும் வாடகைச் சட்டம் வரும் வரும் என்று வருடக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்தப் பணம் ஏன் இவ்வளவு பாரம்? தோட்டத்துக்காரர் கொடுத்த லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தொழிலாளிக்குத் தரமான வீடு கொடுக்கவேண்டும் என்று 1990இல் சட்டம் போட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அவர் எங்கே போவார் என்று அதில் இல்லை. முப்பது, நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் சொந்தமாக ஒரு கூரையும் இல்லாமல்தான் வாடகைக்கு அலைகிறார்கள்.

பணத்தைப் புரட்டினாலும் வீடு கிடைத்துவிடாது. என் அக்கா மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நிரந்தர வேலை, ஒரு கைக்குழந்தை. ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் முதல் கேள்வி சம்பளம் இல்லை, "ரேஸ்?" என்பதுதான். "இந்தியன்" என்று போட்டதும் "சாரி, ஓனர் டோன்ட் வாண்ட்". விசாரித்தால் அந்த ஓனர் நம்மாள். பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினவர்கள் உண்டு. வீட்டுக்காரருக்கும் மாதா மாதம் பேங்க் கடன் இருக்கிறது. அந்த வலி எனக்குப் புரிகிறது. அதற்குச் சம்பளச் சீட்டைக் கேளுங்கள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கைக் கேளுங்கள், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். கட்டாமல் ஓடினவன் ஒருவன் செய்ததற்குக் கைக்குழந்தையோடு நிற்கிற பெண் ஏன் பதில் சொல்லவேண்டும்? அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டுக்காரரை அல்ல. வரப்போகும் வாடகைச் சட்டத்தில் இதை நேரடியாக எழுதாவிட்டால் அந்தச் சட்டம் வந்தும் நமக்குப் பாதிப் பயன்தான்.

என் அக்கா மகள் குடும்பம் முன்பு இருந்த வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். சாமி மேடைக்கு மேலே சுவரில் விளக்குக் கரி ஒரு கையகலம், நிலைப்படியில் மாவிலைத் தோரணம் கட்டிய இரண்டு ஆணி ஓட்டை. இதற்கு டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சின்ன டின் சாயம் அடித்தால் தீர்கிற வேலை. ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு தாள், அதற்கு ஸ்டாம்பிங் இல்லை, அதாவது முத்திரை வரி கட்டவில்லை.

வீடு தேடுகிற பிள்ளைகளே, தயவுசெய்து ஸ்டாம்பிங் செய்யாமல் குடிபோகாதீர்கள். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு, வருட வாடகையில் 250 வெள்ளிக்கு 1 வெள்ளிதான் முத்திரை வரி. 700 வெள்ளி வீட்டுக்கு 34 வெள்ளி, இன்னொரு பிரதிக்கு 10 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டு ஆதாரமாக ஏற்காது. குடிபோகும் நாளே சுவர், சிங்க், மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் அவர் மெய்ன்டெனன்ஸ் பாக்கி வைத்திருக்கிறாரா என்று மேனேஜ்மெண்ட் ஆபீசில் கேளுங்கள். அவர் கட்டாவிட்டால் உங்கள் கேட் கார்டைத்தான் முடக்குவார்கள். வாடகை தாமதமானாலும் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள முடியாது. 1950ஆம் ஆண்டின் சட்டமே அப்படிச் சொல்கிறது.

இங்கே வாடகைக்கு வீடு விடும் நம் அண்ணன்மார், அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். ஏஜெண்டிடம் "இந்தியன் வேண்டாம்" என்று சொல்லி வைத்திருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லுங்கள். வீடு காலியாக இருந்தால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள். இரண்டு அறை போதும், கொமுட்டர் நிலையத்துக்குப் பக்கம், 700 வெள்ளிக்குள். சம்பளச் சீட்டோடு என் அக்கா மகளையும் மாப்பிள்ளையையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.