கொல்லைப்புறச் சிலந்திகளுக்குச் சின்னக் கேமராவே போதும்

சிலந்திகளை மிக அருகில் படம் பிடிக்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் விசாரிப்பது மேக்ரோ லென்ஸின் விலையைத்தான். வீட்டில் சும்மா கிடக்கும் காம்பாக்ட் கேமராவை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போங்கள் என்று நான் சொன்னால், கையில் காசு இல்லாதவனுக்குச் சொல்லும் சமாதானமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வேலையைப் பொறுத்தவரை அந்தச் சின்னக் கேமராவுக்கென்றே சில அனுகூலங்கள் உண்டு என்பது என் கருத்து.

நெருக்கப் படங்களில் ஓயாத தொல்லை, கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் மிகக் குறைவாக இருப்பதுதான். கண்கள் தெளிவாக விழுந்தால் வயிறு மங்கிவிடும். சாதாரண காம்பாக்ட் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சாரின் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லின்) அகலம் ஏறக்குறைய 6 மி.மீ.; ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவில் அது 36 மி.மீ. ஒரே சிலந்தியை ஒரே அளவில் படத்துக்குள் அடக்கும்போது, சின்ன சென்சார் எஃப் 2.8 என்ற அகன்ற லென்ஸ் துளையிலேயே கொடுக்கும் ஆழத்தைப் பெரிய கேமராவில் பெற, துளையை வெகுவாகச் சுருக்கியாக வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாமல் போகும், ஒளியுணர்வின் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும், அல்லது ஃபிளாஷ் மாட்ட வேண்டும். ஏற்றினாலும் பெரிய சென்சார் தாங்கும் என்று வாதிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் பல மடங்கு செலவழித்த பிறகும் ஆழத்தின் கணக்கில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். சின்னக் கேமராவில் மட்டும் துளையைச் சுருக்கக் கூடாது. சிறு துளையில் நுழையும் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் படம் முழுவதும் மழுங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. பல காம்பாக்ட் கேமராக்கள் 1 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் செய்யும். ஆனால் பெரும்பாலானவற்றில் ஜூமை முழுவதும் பின்னுக்கு இழுத்த நிலையில்தான் அது முடியும். அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே சிலந்தியின் மேல் விழும், கேமராவின் ஃபிளாஷ் சிலந்தியைத் தாண்டிப் போய்விடும். ஒலிம்பஸ் டஃப் டிஜி வரிசைக் கேமராக்களில் லென்ஸைச் சுற்றி மாட்டும் ஒளி வளையம் கிடைக்கிறது. அது இல்லாதவர்களுக்கு, சாய்வாக விழும் காலை வெயிலும், எதிர்ப்பக்கத்தில் பிடித்த ஒரு வெள்ளைத் தாளும் போதும். கேமராவின் முன்னால், பூதக்கண்ணாடி போன்ற ஒரு நெருக்க லென்ஸை வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அதன் திறன் 8 டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) என்றால், ஜூமை நீட்டிக்கொண்டு ஏறக்குறைய 12.5 செ.மீ. தள்ளி நின்றே எடுக்கலாம். படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் டிஜிட்டல் ஜூமைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்தச் சிலந்தியிடமிருந்து தொடங்குவது என்று கேட்டால், சுவரில் திரியும் தாவும் சிலந்தியைத்தான் சொல்வேன். மற்ற உயிர்கள் கேமராவைக் கண்டால் ஓடும். இது திரும்பி நின்று நம்மைப் பார்க்கும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் குழாய் வடிவானவை. கண்ணின் லென்ஸ் அசையாது. உள்ளே இருக்கும் விழித்திரையைத் தசைகள் அசைக்கின்றன. அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்றில் கருப்பாகவும் மற்றொன்றில் பழுப்பாகவும் அதே கண் தெரிவதற்கு இதுவே காரணம். என் பார்வையில், லட்ச ரூபாய்க் கருவியின் கூர்மையைவிட இந்த நிறமாற்றத்தைக் கவனிக்கும் பொறுமைதான் நல்ல படத்தைத் தருகிறது.

செடிகளுக்கிடையே வலை பின்னும் ஆர்ஜியோப் சிலந்தி இதற்கு நேர்மாறு. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி போல வைத்துக்கொண்டு, வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கும். பகல் முழுவதும் இடம் மாறாது என்பதால் புதியவர்களுக்கு உகந்தது. வலையில் அது நெய்யும் வெள்ளை நெளிகோடுகள் இரையைக் கவரவா, பறவைகளை எச்சரிக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். வலையைத் தொட்டுவிட்டால் ஊஞ்சல் ஆடுவது போல வலையோடு சேர்ந்து அதிரும். அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மாமரத்தில் முசுறு எறும்புகள் இருந்தால் அவற்றினிடையே ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒன்று, எறும்பு வேடமிட்ட தாவும் சிலந்தியாக இருக்கலாம். ஆண் என்றால் அதன் தாடை மிக நீளமாக இருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வது போலவே தோன்றும்.

அசையாமல் இருக்கட்டும் என்று சிலந்தியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மரத்துப்போன பிறகு இலைமேல் கிடத்திப் படம் எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூர்மைக்காக இதைச் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி எடுத்த படத்தில் கால்கள் இயல்பற்று மடங்கிக் கிடப்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். தாவும் சிலந்தி நம்மைத் திரும்பிப் பார்த்த அந்தக் கணம் அதில் இருக்காது.

படத்தைப் பதிவிடும்போது இனப்பெயரை அவசரப்பட்டு எழுதாமல் இருப்பதும் நல்லது. உலகில் பதிவான சிலந்தி இனங்கள் 2022-இலேயே 50,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பலவற்றை, இனப்பெருக்க உறுப்புகளை நுண்நோக்கியில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவில் எடுத்த படமானாலும் இதுதான் நிலைமை. எனவே பேரினத்தோடு (நெருங்கிய இனங்களைச் சேர்த்துக் குறிக்கும் பெயரோடு) நிறுத்திக்கொண்டு, பார்த்த தேதி, ஊர், எந்தச் செடியில் இருந்தது, உடல் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் முதுகு, முகம், அடிவயிறு மூன்றையும் எடுத்து வையுங்கள். பின்னால் துறை அறிந்த ஒருவர் பார்க்கும்போது இந்த விவரங்கள் அவருக்கு உதவும்.