காந்தம் ஒட்டினால் சைலன்சர் குழாய் போலியா?

"புகைக்குழாயில் காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கார் தயாரிப்பாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 409 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம். நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். ஃபெரிட்டிக் வகை, அதாவது இரும்பைப் போலவே காந்தத்தால் ஈர்க்கப்படும் படிக அமைப்பு கொண்டது என்பதால் காந்தம் பச்சக்கென்று ஒட்டும். குரோமியம் 18 சதவீதம் வரை உள்ள 441-லும் அப்படித்தான். ஒட்டாதது, 8 சதவீதம் அளவுக்கு நிக்கல் கலந்த 304. அதுகூடக் சூடாக்காமல் வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். இன்னொன்று: மாங்கனீசு கலந்த மலிவான 201-லும் காந்தம் ஒட்டாது, ஆனால் துருத் தாங்கும் திறனில் அது 304-க்குக் கீழே. ஆக, காந்தத்தை வைத்து ரகம் பார்ப்பது வீண் வேலை. எஃகு ஆலை தரும் தரச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லையேல் உலோகத்தில் என்னென்ன கலந்துள்ளது என்று எக்ஸ்ரே மூலம் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் காட்டுங்கள்.

409 வெளியே பழுப்பேறும். கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள், அடியில் உலோகம் திடமாக இருந்தால் அது மேல்துருதான். உண்மையான ஓட்டை பெரும்பாலும் உள்ளிருந்து வரும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் மஃப்ளர் (சைலன்சர்) முழுதாகச் சூடேறாது. புகையிலிருந்து படியும் அமிலம் கலந்த நீர் அடியில் தேங்கி அரிக்கும். வெல்டிங்கும் முக்கியம்: 409-ஐச் சாதாரண இரும்புக் கம்பியால் பற்றவைத்தால் தையல்தான் முதலில் போகும். 309எல் என்ற ஸ்டெயின்லெஸ் வெல்டிங் கம்பி போடச் சொல்லுங்கள்.